செம்பருத்தி என்ற பெயரில் எழுதியவர் யார்?

எழுத்துப் பிழையைத் தவிர வேறு பிழையே செய்யத் தெரியாதவன் என்று நான் நம்பியிருந்த என் கூட்டாளி தனபாலனுக்கு,

ரெங்கசாமி எழுதுகிறேன். ஜாசினில் அச்சகம் வைத்திருக்கும் அதே ரெங்கன். நீ போய் நான்கு மாதமாகிறது. நீ செத்த பிறகு நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். மனசுக்குள் மட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய இடத்தில், உன் பெயரைப் போட்டு, இவர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதினேன். ஊரறியக் குற்றம் சொன்னவன் மன்னிப்பை மட்டும் காதோடு கேட்பது நியாயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் ஊர் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாதே, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ பள்ளிக்கூட பஸ் ஓட்டினாய். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரைக்கும் வேலை இல்லை. பஸ்ஸை மரத்தடியில் நிறுத்திவிட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருப்பாய். யாரும் சம்பளம் தருவதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவன் எழுதியதைத் திருத்தலாம். என்னையும் நீதான் இழுத்துப் போட்டாய். "கல்யாணப் பத்திரிகையில பிழை பார்க்கிறவன் இங்க வந்து பாரு லா, ஆயுசுக்கும் வேலை இருக்கு" என்றாய்.

நம் இருவருக்கும் பெரிய வேலையாக வந்து சேர்ந்தது 'பதினேழாம் நிரை' படத்தைப் பற்றிய கட்டுரை. நிரை என்றால் ஒருவர் பால் வெட்டும் ரப்பர் மர வரிசை. ஜாசினுக்குப் பின்னால் இருந்த ரப்பர் தோட்டத்தில், எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்காக அதை அழிப்பதற்கு முன்னால் எடுத்த படம். மலாக்காவில் ஒரு வாரம் ஓடியது. பிறகு குறுந்தட்டாக விற்றார்கள். நம் ஊர் மரமும் நம் ஊர் ஆட்களும் திரையில் வந்த ஒரே படம் அதுதான். கட்டுரை ஆறு வரியில் கிடந்தது. அதை முதல் பக்கத்தில் காட்டும் சிறப்புக் கட்டுரையாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று நீ கிளம்பினாய். எட்டு மாதம் உட்கார்ந்தோம். நீ எழுதுவாய், நான் திருத்துவேன். 'சுவற்றில்' என்று நீ எழுதுவாய். 'சுவரில்' என்று நான் மாற்றுவேன். அடுத்த வாரம் வேறொரு பத்தியில் மறுபடியும் 'சுவற்றில்' வந்து நிற்கும்.

ஒரே ஒரு வரியில்தான் உனக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. 'தோட்டத்துப் பேச்சைக் கதாநாயகி தம் சொந்தக் குரலிலேயே பேசி நடித்தது பாராட்டைப் பெற்றது.' அந்த வரிக்கான சான்றை நான்தான் கண்டுபிடித்தேன். அச்சகத்துப் பழைய தாள் கட்டில் கிடைத்த ஒரு வார இதழ், அதில் அந்த நடிகையின் பேட்டி. கோலாலம்பூர்ப் பெண் தோட்டத்துத் தமிழை இப்படிப் பேசியிருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. நீ மட்டும் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றாய்.

"ஏன்?"

"நடிகை தன்னைப் பத்தித் தானே சொல்றது ஒரு சான்றா?"

"அப்ப வேற சான்று காட்டு. காட்டினா எடுத்துடுறேன்."

நீ பேசாமல் கோப்பியைக் குடித்தாய். எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நீ. அன்றைக்குப் பதில் இல்லை. எனக்கு அப்போதே என்னவோ உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து 'செம்பருத்தி' என்ற பெயரில் ஒரு புது ஆள் வந்து அந்த வரியை நீக்கினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'இது உண்மை இல்லை. பேசியது வேறு ஒருவர்' என்று மட்டும். யார் அந்த வேறு ஒருவர்? அதைச் சொல்லவில்லை. நான் வரியைத் திரும்பப் போட்டேன். அவர் எடுத்தார். போட்டேன். எடுத்தார். அந்த ஆள் வேறு எந்தக் கட்டுரையையும் தொட்டதே இல்லை. ஒரே படத்தைச் சுற்றி வருகிற புது ஆள் என்றால் ஒன்று படக் கம்பெனியின் ஆள், இல்லை கம்பெனியோடு சண்டை போட்ட ஆள். நான் உனக்குப் போன் போட்டேன்.

"யாருடா இந்தச் செம்பருத்தி? நடிகைக்கு வேண்டாதவங்களா?"

"விடு லா. புதுசா வந்தவங்க. போட்டுக் கடிக்காத."

அவ்வளவுதான் சொன்னாய். பிழை என்றால் புதியவன் பழையவன் பார்க்காத நீ, அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு இளகினாய்?

அதை நேரில் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு, பஸ்ஸை ஓரம்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. உன் பாடையில் ஒரு முனையைத் தூக்கியவன் நான். அந்தத் தோளோடு வீட்டுக்கு வந்துதான், கட்டுரையை நாமாவது முடித்துவிடுவோம், அது இவனுக்குச் செய்கிற மரியாதை என்று உட்கார்ந்தேன்.

ஒரு கட்டுரையில் யார், எந்த நாளில், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதன் வரலாற்றுப் பக்கத்தில் இருக்குமே, அதை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். செம்பருத்தி அந்த ஒரு வரியை நீக்கியதோடு நிற்கவில்லை. கீழே, லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் நடக்கும் ஒரு காட்சியின் விளக்கத்தில் அரை வரி சேர்த்திருந்தார். 'லயத்துச் சுவற்றில் சாய்ந்தபடி.'

சுவற்றில்.

உலகத்தில் எத்தனையோ பேர் அப்படி எழுதுகிறார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நாள்களைப் பார்த்தேன். உனக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்து இரண்டாம் நாள் செம்பருத்தி பிறக்கிறார். நீ கேட்டதையே அவரும் கேட்கிறார். நீ செத்த பிறகு அவர் வரவே இல்லை. ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்து தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வதைவிடக் கேவலம் நம் வேலையில் வேறு கிடையாது என்று என்னிடம் சொன்னவன் நீதானே?

தமிழ்நாட்டில் இருக்கும் நிர்வாகி ஒருவருக்கு எழுதினேன். நம்மைப் போல அவரும் சம்பளமில்லாத ஆள்தான், ஆனால் எந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அவருக்கு அனுமதி உண்டு. ஒரு நாளில் பதில் வந்தது. 'இரண்டு கணக்குகளும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வந்திருக்கின்றன.'

அன்றைக்கே, எழுதுகிறவர்கள் விவாதிப்பதற்கென்று கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். தனபாலன் மறைவுக்கு வருந்துகிறேன். ஆனாலும் அவர் செம்பருத்தி என்ற இரண்டாவது பெயரில் வந்து இந்தக் கட்டுரையைத் தம் விருப்பத்துக்கு வளைத்தார் என்பது உறுதியாகிவிட்டது. இதைச் சிறப்புக் கட்டுரையாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவைக்க வேண்டும். 'உறுதியாகிவிட்டது' என்ற சொல்லைப் போட்டவன் நான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு முகூர்த்த நேரத்தை மூன்று தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டு அச்சுக்கு விடுகிறவன், உன் விஷயத்தில் ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை.

உன் கருமாதிக்கும் நான் போகவில்லை. அச்சகத்தில் அவசர வேலை என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்குக் கடையில் ஒரு வேலையும் இல்லை. மிஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கருமாதி முடிந்த நாலாம் நாள், என் குற்றச்சாட்டுக்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது. 'அவர் அப்படி பட்டவர் இல்லை. நீங்கள் இப்படி எழுதி இருக்க கூடாது.' எழுதியவர் பெயர் செம்பருத்தி.

செத்தவன் எழுத மாட்டான். அது விளங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. விளங்கிய பிறகும் என் புத்தி போன திசையைக் கேள். உன் கணினியை யாரோ எடுத்துக்கொண்டார்கள், உன் வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள் என்று நினைத்தேன். உன் மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் மிச்சம் உன் மனைவி இந்திராணி மட்டும்தான். அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டேன். எத்தனை வருஷம் அவள் கையால் பசியாறியிருக்கிறேன்? ஒரு நாளாவது அவளிடம் படத்தைப் பற்றிப் பேசினேனா?

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்கண்ணே. கருமாதிக்கு வரலயே?"

"கடையில கொஞ்சம் வேலைம்மா."

"நான் படிச்சேண்ணே. நீங்க எழுதுனது எல்லாத்தையும் படிச்சேன்."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளே சொன்னாள்.

"செம்பருத்தி நாந்தான்."

நான் நம்பவில்லை, தனபாலா. அப்போதும் நம்பவில்லை. உன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. "எப்படி எழுதுனீங்க? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டேன்.

"அவரு எழுதுறப்போ பக்கத்துல உட்கார்ந்து கீரை ஆய்வேன். பார்த்துப் பார்த்துப் பழகுனது. என்னா பெரிய வித்தையா?"

"சரி, படத்துல பேசுனது நடிகை இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் எங்கேயும் எழுந்து போகாமல், குரலை உயர்த்தாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"நெரைக்கெல்லாம் நம்பரு போட்டு வச்சிருக்கீங்க துரை. வெட்டுறவளுக்கு ஒரு பேரு இருக்கே, அது தெரியுமா உங்களுக்கு?"

படத்தில் கதாநாயகி மேனேஜரைப் பார்த்துக் கேட்கும் வசனம். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் 'பேரு இருக்கே' என்ற இடத்தில் விழும் அந்த இழுப்பு அதேதான். உட்கார்ந்துவிட்டேன்.

செர்காம் பக்கத்துக் கோயில் திருவிழாவில், கல்யாணத்துக்கு முன்னால், இந்திராணிதான் மைக்கில் அறிவிப்புச் செய்வாளாம். டைரக்டர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தபோது உங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். நடிகைக்குத் தோட்டத்துப் பேச்சு வாயில் நுழையவில்லை. நாலு நாள் கோலாலம்பூரில் ஓர் அறையில் உட்கார்ந்து இவள்தான் முழுப் படத்துக்கும் பேசியிருக்கிறாள். நீ கூடப் போய் வெளியே பெஞ்சில் காத்திருந்தாயாம்.

"அப்புறம் அந்தப் பொண்ணு பத்திரிகையில தானே பேசுனேன்னு சொல்லிருச்சி. நான் விட்டுட்டேண்ணே. இத்தனை வருஷம் விட்டுட்டேன். நம்ம வீட்டுலயே உட்கார்ந்து, எங்க வீட்டுக்காரரும் நீங்களும் அதையே எழுதுறப்போ எப்படி விடறது? இவருகிட்ட கேட்டேன். சொந்தக்காரங்களைப் பத்தி எழுதக் கூடாது, அதான் சட்டம்னாரு. நீயும் எழுதக் கூடாதுன்னாரு. சட்டம் உங்களுக்கு. எனக்கு என் குரலு. அதான் நானே எடுத்தேன்."

"உங்க பேரைப் போடலையே?"

"போட்டா சொந்தப் பெருமை ஆயிடுமே. பொய்யை மட்டும் எடுத்தா போதும்னு நெனச்சேன்."

இத்தனையும் கேட்ட பிறகு என் வாயிலிருந்து வந்த கேள்வி என்ன தெரியுமா? "இதுக்குச் சான்று ஏதும் இருக்காம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் காரியத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். "அப்படியே அவரு மாதிரியே கேக்குறீங்க," என்றாள்.

சான்று குறுந்தட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் இருக்கும் படத்தில் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை யாரோ வெட்டிவிட்டார்கள். முழுத்தட்டு யாரிடம் இருக்கும் என்று விசாரித்து, கோலா சுங்கை பாருவில் முன்பு தட்டு வாடகைக் கடை வைத்திருந்த லிங்கம் என்பவரைப் பிடித்தேன். இப்போது மீனவர்களுக்கு ஐஸ் விற்கிறார். வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்.

"எதுக்கு இப்போ அந்தத் தட்டு? நீங்க கம்பெனி ஆளா? காப்பி அடிச்சேன்னு கேசு போட வந்திருக்கீங்களா?"

"இல்லண்ணே. கட்டுரை எழுதுறோம்."

"சம்பளம் இல்லாம எவன் எழுதுவான்? உண்மையச் சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். சந்தேகப்படுகிறவன் முன்னால் உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசியில் இந்திராணிக்கே போன் போட்டுக் கொடுத்தேன். பத்து வார்த்தை கேட்டிருப்பார். "அட, இந்தக் குரலு..." என்று உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். தம் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே போட்டுக் காட்டினார், வெளியே தர மாட்டேன் என்றார்.

பெயர்ப் பட்டியல் ஓடியது. நிறுத்தச் சொன்னேன். 'கதாநாயகிக்குப் பின்னணிக் குரல்: திருமதி தனபாலன்.'

உன் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அந்த வரியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. ஒப்பனை செய்த பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, சாப்பாடு சமைத்தவருக்குப் பெயர் இருக்கிறது. இவளுக்கு மட்டும் ஏன் இப்படி? மறுநாள் இந்திராணியிடமே கேட்டேன்.

"அவருதான் அப்படிப் போடச் சொன்னாரு," என்றாள். குரலில் கோபம் இல்லை. "புதுப் பொண்டாட்டி பேரு சினிமாவுல வந்தா ஆளுங்க கண்டபடி பேசுவாங்கன்னு பயம். நானும் சரின்னு சொல்லிட்டேன். அப்போ எனக்கு என்னா வயசு? பின்னாடி அவருக்கே அது முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சி. வாய் விட்டுச் சொல்ல மாட்டாரு."

கோப்பியைக் குடித்துக்கொண்டு நீ பதில் சொல்லாமல் இருந்த நாள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேறு சான்று காட்டு என்று நான் கேட்டபோது உனக்குத் தெரியும், சான்று இருக்கிறது, அதில் உன் பெயர்தான் இருக்கிறது என்று. நான் எழுதிய குற்றத்தை நீ செய்யவில்லை. நான் எழுதாத ஒன்றைச் செய்திருக்கிறாய். இதை உன் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்திராணி படித்துப் பார்த்துவிட்டு, "அதையும் போடுங்கண்ணே, உண்மைதானே," என்றாள்.

இப்போதைய நிலவரத்தைக் கேள். பேச்சுப் பக்கத்தில் நான் எழுதியதை அழிக்கவில்லை. அழித்தால் மறைத்ததாகும். அதன் மேல் கோடு போட்டு, கீழே, 'தனபாலன் எந்த ஏமாற்றும் செய்யவில்லை. கேட்காமல் எழுதியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நிர்வாகிக்கும் தெரிவித்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கலாம் என்பது தமக்கும் தோன்றாமல் போனதற்கு அவர் வருந்தி எழுதினார்.

கட்டுரையில் அந்த வரியை நான் தொடவில்லை. நானும் இப்போது வேண்டியவன் ஆகிவிட்டேனே. பெயர்ப் பட்டியலைப் போனில் பிடித்த படத்தைப் பேச்சுப் பக்கத்தில் வைத்தேன். மலாக்காவிலிருந்து ஒரு பத்திரிகை நிருபர் வந்து இந்திராணியைப் பேட்டி கண்டு அரைப் பக்கம் போட்டார். அதன் பிறகு, இலங்கையில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பேட்டியில் வந்த ஒரு தேதி பொருந்தவில்லை என்று இரண்டு வாரம் இழுத்தடித்து, நிருபரைத் திருத்தம் போடவைத்து, பிறகுதான் எழுதினார். 'கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் ஜாசினைச் சேர்ந்த இந்திராணி; படத்தின் பட்டியலில் திருமதி தனபாலன் எனக் குறிக்கப்பட்டுள்ளார்.' நடிகை தாமே பேசியதாகச் சொன்னதும் இருக்கிறது, அது அவர் கூற்று என்ற குறிப்போடு. கட்டுரை போன வாரம் முதல் பக்கத்துக்கு வந்தது.

அன்றைக்கு இந்திராணியிடம் காட்டப் போனேன். தன் பெயர் இருக்கும் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு திரையின் மேல்மூலையைக் காட்டி, "இந்தச் செவப்புப் புள்ளி என்னாண்ணே? ரொம்ப நாளா இருக்கு. எச்சரிக்கையா இருக்கும்னு பயந்து தொடவே இல்ல," என்றாள். எனக்கும் பயம்தான். நான் வரியைத் திரும்பப் போட்ட போதெல்லாம் கடுமையாகச் சில வார்த்தை எழுதியிருந்தேன், அதில் ஒன்றாக இருக்கலாம். "தொடுங்க" என்றேன்.

தொட்டாள். ஒரே வரி. 'உங்கள் திருத்தத்துக்குத் தனபாலன் நன்றி தெரிவித்துள்ளார்.' நீ போவதற்கு மூன்று நாள் முந்தைய தேதி.

ஒரே வீட்டில் இருந்தீர்கள். ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள். வாயால் சொல்லாமல் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாய். பொய்யை எடுத்ததற்கு நன்றியா? நீ சொல்லியும் கேட்காமல் செய்ததற்கு நன்றியா? இந்திராணியைக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே, "எதுக்கா இருந்தா என்னாண்ணே, சொல்லிட்டாருல்ல," என்றாள். எனக்கு மட்டும் இன்னும் கேள்வி தீரவில்லை. என் புத்தி அப்படி.

ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன். இனி எவர் மேல் சந்தேகம் வந்தாலும், எழுத்தில் வைப்பதற்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பேன். இந்திராணி தன் செர்காம் கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பேன். எது எழுத வேண்டும், எது கூடாது என்று சொல்ல மாட்டேன்.

இந்திராணிக்கு அண்ணன் என்ற முறையில்,
உன் மச்சான்
ரெங்கசாமி
ஜாசின்